இரண்டு பெரிய நாய்கள், ஒரு ஆர்.வி., மூவாயிரத்துச் சொச்சம் மைல்

கேள்வி சுருக்கமாக இதுதான். வேலை மாறி, நியூ ஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியாவில் உள்ள சாக்ரமென்டோவுக்குக் குடிபோகிறார்கள் ஒரு தம்பதி. கூடவே நாற்பது கிலோ ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்று, ஒன்பது வயது லாப்ரடார் ஒன்று. இந்த அளவு நாய்களை விமானத்தில் ஏற்றுவது பெரும்பாடு என்பதால் 28 அடி கிளாஸ் சி ரக ஆர்.வி. (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டி) ஒன்றை ஒருவழி வாடகைக்கு எடுத்து, ஜூலையில் மூன்று வாரம் ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். வழியில் யெல்லோஸ்டோன், ஆர்ச்சஸ், ஜயான், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். எந்த வழியில் போகலாம், என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நானும் மனைவியும் இரண்டு பெரிய நாய்களோடு இந்த நாட்டைக் குறுக்காக மூன்று முறை கடந்திருக்கிறோம். முதல் முறை நாங்களும் இப்படி ஒரு பட்டியலோடுதான் கிளம்பினோம். அதனால் முதலில் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு இடத்துக்கு எதிரிலும் ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: நாம் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாய்கள் எங்கே இருக்கும்? இதற்குப் பதில் கிடைக்காத இடத்துக்குப் போகக் கூடாது.

நேஷனல் பார்க்குகளில் நாய்க்கு அனுமதி உண்டு என்று இணையதளத்தில் போட்டிருக்கும். அதன் அர்த்தம் பெரும்பாலும் கார் நிறுத்துமிடம், கேம்ப்கிரவுண்ட் (வண்டியை நிறுத்தி ராத்திரி தங்கும் இடம்), தார் ரோடு, அவ்வளவுதான். ஆறடிக்கு மேல் நீளாத லீஷ் (நாய்க்கயிறு) கட்டாயம். ஆர்ச்சஸில் எந்த நடைபாதையிலும் நாய் கால் வைக்கக் கூடாது, காட்சி முனைகளிலும் கூடாது. ஜயானில் பரூஸ் டிரெயில் என்ற ஒரே ஒரு பாதை. பள்ளத்தாக்குக்குள் கூட்டிப்போகும் ஷட்டில் பஸ்ஸில் நாய்க்கு இடமில்லை, வருடத்தின் பெரும்பகுதி அந்த பஸ்ஸை விட்டால் உள்ளே போக வேறு வண்டி வழியும் இல்லை. யோசெமிட்டியிலும் தார் போட்ட பாதைகளோடு சரி. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு கொஞ்சம் தாராளம்: விளிம்பை ஒட்டிய பாதையில் நாயோடு நடக்கலாம், கீழே இறங்கும் பாதைகளில் முடியாது. நாய்களை விட்டுவிட்டுப் போக அங்கே ஒரு கென்னலும் (நாய்க் காப்பகம்) உண்டு, தடுப்பூசிச் சான்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

யெல்லோஸ்டோனில் சாலை, பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட் ஆகியவற்றிலிருந்து நூறடிக்குள்தான் நாய் இருக்கலாம். வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள மரப்பலகைப் பாதைகளில் அறவே கூடாது. இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். 1981ல் அங்கே ஒரு வண்டியிலிருந்து தப்பி ஓடிய நாய், செலஸ்டின் பூல் என்ற கொதிக்கும் ஊற்றில் பாய்ந்தது. அதைக் காப்பாற்றக் குதித்த இளைஞர் மறுநாள் இறந்துபோனார். நாயும் பிழைக்கவில்லை. தெளிந்த நீரைப் பார்த்தால் லாப்ரடார் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பார்க்குக்குள் நுழைந்தால் கதவைத் திறக்கும் முன்பே லீஷ் மாட்டியிருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் எங்கேதான் போவது? நேஷனல் பார்க்குக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் ஒரு நேஷனல் ஃபாரஸ்ட் இருக்கும். அதே மலை, அதே காடு, நாய்க்கு வாசல் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. பார்க்குகளிலும் விதிவிலக்குகள் உண்டு. உங்கள் வழியில் ஒஹையோவில் இருக்கும் குயஹோகா வேலியில் பழைய கால்வாய்க் கரைப் பாதையிலும் பெரும்பாலான மற்ற பாதைகளிலும் நாயோடு நடக்கலாம். 2019ல் நேஷனல் பார்க் ஆன இந்தியானா டியூன்ஸிலும் பெரும்பாலான பாதைகளிலும் கடற்கரை போன்ற ஏரிக்கரையிலும் அனுமதி உண்டு, கோடையில் ஒருசில இடங்கள் தவிர. இந்த இரண்டையும் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. எங்கள் நாய்களைக் கேட்டால் யெல்லோஸ்டோனுக்கு மேலே இவற்றை வைப்பார்கள்.

ஆகவே என் யோசனை: ஜூலைதான் என்பது மாறாது என்றால் தென்மேற்குப் பாலைவனத்தை முழுசாக விட்டுவிடுங்கள். ஐ-80 நெடுஞ்சாலையில் ஆரம்பித்து, இந்தியானாவுக்குப் பிறகு ஐ-90ஐப் பிடித்து வடக்கே போங்கள். தெற்கு டகோட்டாவில் பேட்லேண்ட்ஸ் பார்க்கை வண்டியிலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள பஃபலோ கேப் புல்வெளியில் நாய்களை நடக்க விடுங்கள். பிளாக் ஹில்ஸில் மூன்று நாள் தாராளமாகத் தங்கலாம். அங்கே பழைய ரயில் தடத்தைப் பாதையாக்கிய மிக்கெல்சன் டிரெயில் 109 மைல் நீளம், ஏற்ற இறக்கம் குறைவு, உங்கள் வயசான லாப்ரடாருக்கென்றே போட்டது மாதிரி இருக்கும். அப்புறம் யெல்லோஸ்டோன் ஒன்றரை நாள், அங்கிருந்து ஐடஹோவின் சாடூத் மலைகள், ஓரிகான் கடற்கரை. 1967ஆம் வருடச் சட்டப்படி ஓரிகானின் கடற்கரை முழுக்கப் பொதுமக்களுக்குத் திறந்தது, நாய்களும் ஓடலாம். ஸ்னோயி பிளவர் என்ற சின்னப் பறவை கூடு கட்டும் பகுதிகளில் மட்டும் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நாய்க்குத் தடை, பலகை இருக்கும். கடைசியில் கரையோரமாகக் கலிஃபோர்னியாவுக்குள் இறங்கிவிடலாம். மொத்தம் 3,700 மைல் பக்கம் வரும். கேலனுக்கு 9 மைல் என்று வைத்தால் நானூறு கேலனுக்கு மேல் பெட்ரோல். நேர்வழியை விடச் செலவு கூடத்தான் செய்யும்.

ஏன் பாலைவனத்தை விடச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்.வி.யில் ஏசி இருக்கிறதே என்று எல்லோரும் தைரியமாகக் கிளம்புகிறார்கள். வெளியே 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் இதமான நாளில்கூட மூடிய காருக்குள் அரை மணியில் 104 டிகிரி ஆகிவிடும். வெளியே 85 என்றால் அதே அரை மணியில் 120ஐத் தொடும். ஆர்.வி. கொஞ்சம் மெதுவாகச் சூடாகும், ஆனால் போய்ச் சேரும் இடம் அதேதான். அந்த ஏசியும் வெளி வெப்பத்திலிருந்து சுமார் இருபது டிகிரி குறைத்தால் பெரிய விஷயம். வெளியே 108 என்றால் உள்ளே 88. ரோமம் அடர்ந்த ஷெப்பர்டுக்கு அது போதாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை மின்சாரம். 28 அடி வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப் இணைப்பு கொண்டவை. கூரை ஏசி ஒன்றே 13, 14 ஆம்ப் இழுக்கும். அதோடு மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டர், மைக்ரோவேவ் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். நாய்களை உள்ளே விட்டுக் கிளம்பும்போது ஏசி, ஃபிரிட்ஜ் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் இன்னொன்று: ஜூலை மதியம் கேம்ப்கிரவுண்டில் எல்லா வண்டியும் ஏசி போட்டிருக்கும்போது வோல்டேஜ் சரியும். நல்ல பாதுகாப்புக் கருவி மாட்டியிருந்தால் அது 104 வோல்ட்டுக்குக் கீழே போனதும் இணைப்பைத் துண்டித்து உங்கள் ஏசியைக் காப்பாற்றும். உள்ளே இருக்கும் நாயைக் காப்பாற்றாது.

எங்களுக்கு இது டெக்சாஸில் நடந்தது, அமரில்லோவுக்கு வெளியே ஒரு கேம்ப்கிரவுண்டில். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று வாடகைக் காரில் கிளம்பினோம். ஆர்டர் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, வண்டிக்குள் வைத்திருந்த கருவியிலிருந்து போனில் வெப்பநிலை எச்சரிக்கை: 82. தட்டு வருவதற்குள் 86. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். அலுவலகத்துக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது உள்ளே 93. எங்கள் நாய் கருப்பன் தரையில் பாத்ரூம் வாசலை அடைத்துக்கொண்டு நாக்கு முழுக்க வெளியே தொங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு நாய் ராணி தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து அந்த ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்திருந்தாள். எங்கள் வரிசையின் மின் இணைப்புக் கம்பங்கள் எல்லாமே செத்துப்போயிருந்தன. வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி, காருக்குள் ஏசியில் உட்கார வைத்ததும் இரண்டும் தேறின. அரை மணி தாமதித்திருந்தால் இதை இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த எச்சரிக்கைக் கருவி செல்போன் சிக்னலில் ஓடுவது, உள்ளே தனி பேட்டரி. வைஃபையில் ஓடுவதை வாங்காதீர்கள். கரன்ட் போனால் வைஃபையும் போய்விடும், எச்சரிக்கையும் வராது. சிக்னலே இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் பயனில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர் வாடகை வண்டிகளில் சாதாரணமாக இருக்காது. அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு மிகவும் எளிது: ஒருவர் சுற்றுவார், ஒருவர் நாய்களோடு இருப்பார். காலையில் மனைவி, மாலையில் நான். சேர்ந்து பார்க்க முடியவில்லையே என்று முதல் இரண்டு நாள் இருக்கும், அப்புறம் பழகிவிடும். நாயைத் தனியாக வண்டிக்குள் விட்டுப் போகவே கூடாது என்று விதி வைத்திருக்கும் தனியார் கேம்ப்கிரவுண்டுகளும் நிறைய, புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போது இனத்தையும் சொல்லிவிடுங்கள். காப்பீட்டைக் காரணம் காட்டி பிட் புல், ராட்வைலர், டாபர்மேன் வேண்டாம் என்பார்கள். சில இடங்களில் ஜெர்மன் ஷெப்பர்டும் அந்தப் பட்டியலில் இருக்கும். இணையத்தில் காசு கட்டிவிட்டு வாசலில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல், போன் போட்டுக் கேட்பதே நல்லது. அரசு கேம்ப்கிரவுண்டுகளில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. ஆனால் அவற்றில் பல ஆறு மாதம் முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் நிரம்பிவிடும்; ஜூலைக்கு இப்போது கிடைப்பது ரத்தாகும் இடங்கள்தான், தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யெல்லோஸ்டோனுக்குள் ஹூக்கப் (வண்டிக்கு மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு) உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ். அது கிடைக்கவில்லை என்றால் பார்க்குக்கு வெளியே தங்குவதே மேல்.

வண்டியைப் பற்றி. கதவுப் பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று. கணக்குப் போடுங்கள்: தண்ணீர் கேலனுக்கு 8.3 பவுண்டு, நாற்பது கேலன் டேங்க் நிரம்பினால் 332 பவுண்டு. இரண்டு நாயும் சேர்ந்து 165. நாய்த் தீனி, கூண்டு, பாய், அதோடு குடிபெயர்வதால் நீங்கள் "இதையும் போட்டுக்கலாம்" என்று ஏற்றப்போகும் பெட்டிகள். நீங்கள் குடிபோகிறவர்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன், வீட்டுச் சாமானை வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும், சில டாலரில் நிறுத்துப் பார்த்துவிடலாம்.

ஓடும்போது நாய்கள் கட்டப்பட்டிருக்க வேண்டும். மோதல் சோதனை செய்த ஹார்னஸை (நாயின் உடலில் மாட்டும் வார்) சீட் பெல்ட் பூட்டில் மாட்டுங்கள்; மேசைக் காலில் மாட்டாதீர்கள், அந்த மேசை வெறும் நாலு திருகில் நிற்கிறது. முதல் நாள் பாத்திரமும் அடுப்புக் கம்பியும் போடும் சத்தத்தில்தான் நாய்கள் மிரளும். அடுப்புக் கம்பிக்கு அடியில் ஒரு துண்டைச் சொருகினால் பாதிச் சத்தம் போய்விடும். வண்டியை ஒரு நாள் முன்பே எடுத்து, வீட்டு வாசலில் நிறுத்தி, அதிலேயே ஒரு ராத்திரி நாய்களோடு தூங்கிப் பாருங்கள்.

பெரிய நாய் உள்ளவர்களுக்கு மட்டுமே புரியும் சில விஷயங்கள். கேஸ் அடுப்பின் குமிழ்கள் சரியாக அவற்றின் முன்னங்கால் உயரத்தில் இருக்கும். எட்டிப் பார்க்கும் நாய் கேஸைத் திறந்துவிடும். வெளியே போகும்போது குமிழ்களைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுங்கள். நாய்கள் கதவில் சாய்ந்து உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கண்ணாடி வழியாக வாலாட்டிக்கொண்டு நம்மைப் பார்ப்பார்கள், அதனால் சாவி எப்போதும் சட்டைப்பையில். கொசுவலைக் கதவு ஒரு முயலைப் பார்க்கும் வரைதான் தாங்கும். ஸ்லைட்-அவுட்டை (நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் வண்டிப் பகுதி) உள்ளே இழுக்கும்போது இரண்டு நாயும் வெளியே, லீஷில், கண்ணெதிரே நிற்க வேண்டும்.

லாப்ரடாருக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். ஆர்.வி. படிகள் உலோகம், செங்குத்து, இடையே ஓட்டை. பல நாய்கள் ஏற மறுக்கும், இடுப்பு பலவீனமானவை இறங்கும்போது சறுக்கும். படிகளுக்கு மாட்டும் கம்பள உறை வாங்குங்கள். சாய்தளம் வாங்கினால் நீளமாக வாங்குங்கள்: முப்பது அங்குல உயரத்துக்கு ஆறடிச் சாய்தளம் போட்டாலே 25 டிகிரிச் சரிவு வரும், கிழட்டு நாய்க்கு அதுவே அதிகம். உள்ளே வினைல் தரை வழுக்கும், ரப்பர் அடி வைத்த பாய்களை வால் முதல் தலை வரை போட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு முந்நூறு மைல், மதியம் மூன்று மணிக்குள் போய்ச் சேர்தல், ஒரு இடத்தில் மூன்று நாள் என்று ஆர்.வி.காரர்கள் மூன்று-மூன்று-மூன்று கணக்குச் சொல்வார்கள். உங்கள் மூன்று வாரத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஓட்டம், எட்டு நாள் ஓய்வு வரும். அந்த மூன்று மணி விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் போய் நாய்களை ஒரு சுற்று நடத்தினால்தான் பக்கத்துத் தளத்தில் யார் நாய் கட்டியிருக்கிறார்கள், கண்ணாடிச் சில்லு எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள்.

சாப்பாடு ஓட்டம் முடிந்த பிறகே, அதுவும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பிட்டதும் ஓட விடாமல். ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, வயிறு தம்பட்டம் மாதிரி இறுகும், நிலைகொள்ளாமல் சுற்றும். இதற்கு மருந்து கிடையாது, சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ராத்திரித் தங்கலுக்கும் பக்கத்தில் 24 மணி நேர விலங்கு மருத்துவமனை எங்கே, எத்தனை மைல் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு டகோட்டா, ஐடஹோ பக்கம் அது நூறு மைலுக்கு மேல்கூட இருக்கலாம்.

இதயப்புழு மாத்திரையும் உண்ணி மருந்தும் ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது. விஸ்கான்சின், மினசோட்டா காடுகளின் உண்ணியில் லைம் நோய் உண்டு. ஏரியில் பச்சைப் பெயின்ட் கொட்டினது மாதிரி படலம் இருந்தால் லாப்ரடாரைப் பக்கத்திலேயே விடாதீர்கள், அந்தப் பாசி சில மணி நேரத்தில் கொல்லும். ஆனால் ஜூலையில் மேற்கே நீங்கள் தினமும் எதிர்கொள்ளப்போவது ஃபாக்ஸ்டெயில் என்ற காய்ந்த புல்தான். பார்க்க தினைக்கதிர் மாதிரி சாதுவாக இருக்கும். அதன் ஒவ்வொரு விதையிலும் முன்னோக்கி மட்டுமே நகரவைக்கும் நுண்முள் உண்டு. ஐடஹோவில் ஒரு நிறுத்தத்தில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து ராணி ஓயாமல் தும்மினாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் மூக்குத் துவாரத்தில் ஒரு வைக்கோல் நுனி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் இன்னும் உள்ளே போனது. கண்ணில் பட்ட அந்த நுனியை முள்வாங்கியால் பிடித்து இழுத்துவிட்டேன். அது முழுதும் உள்ளே போயிருந்தால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதிலிருந்து வண்டிக்குள் ஏறும் முன் காது, விரலிடுக்கு, அக்குள் எல்லாம் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

யெல்லோஸ்டோன் கரடி நாடு. நாய்த் தீனியும் கரடிக்குத் தீனிதான், கிண்ணத்தைக்கூட வெளியே வைக்கக் கூடாது.

காகிதங்கள்: ரேபீஸ் தடுப்பூசிச் சான்று அசலாக, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று கிளம்புவதற்கு முப்பது நாளுக்குள் எடுத்தது, மைக்ரோசிப் பதிவில் உங்கள் இப்போதைய செல் நம்பர். பல மாநிலங்கள் சட்டப்படி உடல்நலச் சான்று கேட்கின்றன, சாலையில் யாரும் நிறுத்திக் கேட்பது அபூர்வம். நயாகரா வழியாகக் கனடாவுக்குள் புகுந்து மிச்சிகனில் வெளிவரலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் திரும்பும் எந்த நாய்க்கும் சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) படிவம் நிரப்பியிருக்க வேண்டும், மைக்ரோசிப்பும் வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் வீடு மாறும் களேபரத்தில் இது வேறா?

வாடகைக்கு எடுக்கும்போது நாய் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற வாடகைத் தளங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சொந்தக்காரர் முடிவுதான். ஜெர்மன் ஷெப்பர்டின் ரோமம் ஏசியின் வடிகட்டியை மூன்றே நாளில் அடைத்துவிடும், அடைத்தால் குளிர்ச்சியும் குறையும். அதைக் கழற்றிக் கழுவுவது எப்படி என்று வண்டியை எடுக்கும் அன்றே செய்து காட்டச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய ராத்திரி, சமையல் ரப்பர் கையுறையை லேசாக நனைத்து சீட்டுத் துணியில் ஒரே திசையில் இழுத்தால் ரோமம் உருண்டு உருண்டு வரும். வேக்குவம் கிளீனர் எடுக்காததை அது எடுக்கும்.